மு

ஷுவைக் கிடங்கில் எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது.
ஒரு பெட்டி, ஒரு பொம்மை, மூடு.
ஒரு பெட்டி, ஒரு பொம்மை, மூடு.
பால்பவுடர் டின்னின் மூடி நான்கை அனுப்பிவைத்தால்
பிள்ளைகளுக்கு இலவசம்.
வியாழன் சாயங்காலம் டிவியில் வரும் பொம்மலாட்டம்,
ஒரு பாய்மரக் கப்பல், அதில் ஏழு பேர்:
நகுதா, பாட்டுக்காரன், சமையல்காரன்,
சுக்கான் பிடிக்கிறவன், கயிறு இழுக்கிறவன், ஒரு பூனை,
அப்புறம் முத்துக்குளிக்கிறவன்.

அவன் ஒருவன்தான் வேலை செய்யும் பொம்மை.
காலடிக் குழியில் சோடா உப்பை அடைத்து
தண்ணீரில் விட்டால் மூழ்குவானாம்,
கொஞ்சம் யோசிப்பானாம்,
குமிழி விட்டபடி மேலே வருவானாம்.
பெட்டியில் படம் போட்டிருந்தது. நான் நம்பவில்லை.
எங்கள் ஊர் முத்துக்குளித்துறை,
எனக்கு நீச்சல் தெரியாது.

வாசலில் கோஷி சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்.
காலுறையைப் பார்க்கமாட்டார்.
காலிப் பெட்டியையும் ஒட்டி, கணக்கில் சேர்த்தேன்.
புகார் வந்தால் ஆளைப் பிடிக்க
மடிப்பின் உள்ளே அவரவர் குறி போட வேண்டும்.
பழக்க தோஷம், அதிலும் போட்டேன்:
மு.
முடியப்பன்.

ஜிலீப் அறையில் ஒன்பது பேர் வாளியைச் சுற்றிக் குந்தினோம்.
மூழ்கினான்.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
வந்தான்!
தலையில் ஒரு குமிழியோடு வந்தான்.
பாண்டித்துரை என் முறை என்றான், லியோன் என் முறை என்றான்,
வாளி கவிழ்ந்தது.
குளியலறைத் துவாரத்துக்கு மூடி கிடையாது.

அன்றிலிருந்து தேடுகிறேன்
என்று சொன்னால் பொய்.
போர் வந்தது, ஓடினோம், திரும்பி வந்தேன்,
கார் உதிரிபாகக் கடையில் இருபது வருடம் போயிற்று.
ஒரு வெள்ளிக்கிழமை, அல் ராய் சந்தையில்
துருப்பிடித்த சாவிகளுக்கு நடுவே அந்தப் பூனை கிடந்தது.
கால் தினார்.
கையில் எடுத்ததும் விரல்கள்
தாமாகவே பெட்டி தேடின.
பிறகு நகுதா. பிறகு வால் உடைந்த இன்னொரு பூனை.
இப்போது டிவி மேல் ஆறு பேர் நிற்கிறார்கள்,
கயிற்றைப் பிடித்தவன் குனிந்து நிற்கிறான்,
மறுமுனையில் யாருமில்லை.

போன வாரம் அதே கடைக்காரனிடம்
ஒரு அம்மாள் விசாரித்துக்கொண்டிருந்தார்,
பெயர் ஷெய்மா, கண்ணாடிக்குச் சங்கிலி.
அவரிடமும் ஆறு பேராம்.
ஏழாவது தபாலில் வந்ததாம், ஏழு வயதில்,
பிரித்தால் ஒன்றுமில்லையாம்.
கைப்பையிலிருந்து அந்தப் பெட்டியையே எடுத்தார்.
நாற்பது வருடம்; முனைகூட மடங்கவில்லை.

'ஷினு ஹாதா?'
மடிப்பின் உள்ளே விரல் வைத்தார்.
'அரபி இல்லை. எண்ணும் இல்லை.
கப்பலின் ரகசியக் குறி என்று
பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.
முக்குளித்தவன் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்,
திரும்பி வருவான் என்று.'

என் கையெழுத்து அப்போது நன்றாக இருந்திருக்கிறது.

எங்கள் மொழி, என்றேன் உடைந்த அரபியில்.
முத்து என்ற சொல்லின் முதல் எழுத்து.
அது உண்மை.
உண்மையை அதற்குமேல்
ஒரு அங்குலம் நகர்த்த முடியவில்லை.

அவர் அந்த எழுத்தை அங்கேயே நின்று எழுதிப் பழகினார்,
பழைய ரசீதின் பின்பக்கம்,
வலமிருந்து இடமாக.
வளைவு தலைகீழாக விழுந்தது.
பிடித்துத் திருத்தப் போனேன்.
சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இந்த வெள்ளியும் வந்திருந்தார்.
அவர் அந்த வரிசை, நான் இந்த வரிசை.
சோடா உப்புப் பொட்டலம் என் பையில் இருக்கிறது,
அவர் பையிலும் இருக்கலாம்.
கிடைத்தால் யாருக்கு என்று
இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.
நான் கொஞ்சம் வேகமாக நடக்கிறேன்.